பட்டாபிஷேகப் பச்சையின் பூர்வீகம்

எந்தக் கல் எந்த மலையின் வயிற்றில் பிறந்தது என்பதை, அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல், கல்லிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் மாபெரும் விஞ்ஞானம் ஒன்று உண்டு. அது சீமையில் பிறந்தது, சீமையிலேயே வளர்ந்தது என்று படித்தவர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அது முழுமை அடைந்தது 1981-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில், ஒரு புதன், வியாழன், வெள்ளி ஆகிய மூன்று நாட்களில், போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகர் பஜனை மடத்தில்தான். இதைப் பதிவு செய்யாமல் விட்டால் வருங்காலச் சந்ததி மன்னிக்காது. பதிவு செய்தால் உக்கிரபாண்டி மன்னிக்க மாட்டார். சந்ததி எப்போது வருமோ தெரியாது. உக்கிரபாண்டி அடுத்த தெருவில்தான் இருக்கிறார். ஆனாலும் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

மடத்தில் ஒரு பட்டாபிஷேகப் படம் இருக்கிறது. ஆறடி அகலம், நாலடி உயரம். ஊரின் முப்பாட்டன் ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து மாட்டுவண்டியில் ஏற்றி, வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்தது. தங்க ரேக்கும் கற்களுமாக ஜொலிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ராமர் கிரீடத்தின் நெற்றியில் ஒரு பச்சைக்கல். அளவு கேட்டால், எட்டு மில்லி சல்லடையில் விழாமல் நிற்கிற ஏலக்காய் அளவு. போடியில் பிறந்த குழந்தையின் மூக்கைக்கூட அந்தக் கணக்கில்தான் சொல்வார்கள்.

படத்துக்குக் காவல் கன்னையன். மடத்தைப் பெருக்கி, விளக்கேற்றி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்கட்டில் ஒற்றை அறையில் குடியிருப்பவன். இருபத்திரண்டு வருஷமாக அந்த அறைக்கு அவன் கொடுத்துவரும் வாடகை அவனுடைய நாணயம் ஒன்றுதான். அவன் மனைவி பொன்னுமணி, உக்கிரபாண்டியின் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், காய் பொறுக்குகிறவள். ஏலக்காயை நகத்தால் கீறி, உள்ளிருக்கிற அரிசி ஒன்றை நாக்கு நுனியில் வைத்தாள் என்றால், "இது போடிமெட்டு மேல்சரிவு. இது சாந்தாம்பாறை. இது சாந்தாம்பாறைன்னு பொய் சொல்லிக்கிட்டு வந்த காயி" என்று சொல்லிவிடுவாள். ஒரு தடவையும் தப்பியதில்லை. ஆனால் அவளிடம் கருவி இல்லை, பட்டம் இல்லை, படிவம் இல்லை. ஆகவே அது விஞ்ஞானம் ஆகாது, பொம்பளைப் பேச்சு.

உக்கிரபாண்டி மடத்தின் தலைவர். மேலே போடிமெட்டில் எஸ்டேட், கீழே கிட்டங்கி, கடைவீதியில் பதினோரு கடை. பக்தியில் அவரை மிஞ்ச ஆளில்லை. மிஞ்சினால் அடுத்த மாதம் கடையைக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

சென்னையில் 'தொன்மைக் கலைப்பொருள் மணிக்கல் பூர்வீகம் காணும் சிறப்புப் பிரிவு' என்று ஒரு பிரிவு இருந்தது. அங்கிருந்து வந்த கடிதத்தில் 'தலைவர் அவர்களுக்கு' என்ற சொல் நான்கு இடத்தில் வந்திருந்ததால், உக்கிரபாண்டி மற்ற சொற்களைப் படிக்காமலே சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டார். புதன்கிழமை காலை மதுரை பஸ்சிலிருந்து முனைவர் திருப்பதி மூன்று இரும்புப் பெட்டிகளோடு இறங்கினார். ஒல்லியான மனிதர். எதைப் பார்த்தாலும், பார்த்தது போதாது என்று இன்னொரு தடவை பார்ப்பார்.

மடத்தில் கூட்டம் கூடியது. முனைவர் எழுந்தார்.

"பெரியோர்களே! ஒவ்வொரு கல்லுக்குள்ளும் குறை உண்டு. கீறல் இருக்கும், துகள் இருக்கும், நீர்த்துளி இருக்கும். அந்தக் குறைதான் கல்லின் பிறப்புச் சான்றிதழ். கொலம்பியா நாட்டு மரகதத்தின் உள்ளே சிறு நீர்ப்பை, அதற்குள் ஒரு உப்புக்கட்டி, ஒரு காற்றுக்குமிழி, மூன்றும் குடும்பமாகக் குடியிருக்கும். வடநாட்டு மரகதத்தில் வேறு மாதிரி. குறையே இல்லாத கல்லாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும்."

மடத்தின் செயலாளர் மலைச்சாமி எழுந்தார். வாழ்நாள் முழுக்க ஏலக்காயிலிருந்து தூசி தும்பு பொறுக்கியே தலை நரைத்தவர்.

"அப்ப அழுக்கு இருந்தாத்தான் ஒசந்த சரக்கா சார்?"

"கல்லைப் பொறுத்தவரை அப்படித்தான்."

"இதை ஏலக்காய்க்கும் சட்டமாக்க முடியுமா? எங்கிட்ட அஞ்சு மூட்டை ஒசந்த சரக்கு கெடக்கு."

உக்கிரபாண்டிக்கு அப்போதுதான் கடிதத்தின் மற்ற சொற்கள் உறைக்க ஆரம்பித்தன. "சார், இது சாமி படம். தொடக் கூடாது."

"தொட மாட்டேன். பார்ப்பதோடு சரி."

"பாக்காம ஆராய முடியாதா?"

"அந்த முறை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை."

முனைவர் மூன்றாவது பெட்டியைத் திறந்தார். பட்டுத்துணிப் பள்ளத்திலிருந்து கறுப்புச் சட்டம் போட்ட ஒரு வட்டக் கண்ணாடியை எடுத்தார். எட்டணாக் காசு அகலம்தான் இருக்கும். இருநூறு வாட்டு பல்பு ஒன்றைப் படத்துக்கு முன்னால் கட்டச் சொன்னார்.

"இது வடிகண்ணாடி. இதன் வழியாகப் பார்த்தால் நல்ல மரகதம் சிவப்பாகத் தெரியும். வெறும் கண்ணாடித் துண்டு பச்சையாகவே தெரியும்."

"பச்சையாத் தெரிஞ்சா பச்சை இல்லை, செவப்பாத் தெரிஞ்சாத்தான் பச்சை. அப்படித்தானே?" என்றார் மலைச்சாமி.

"மிகச் சரி."

மடம் அதிரக் கைதட்டினார்கள். நம் ஊரில் புரிந்தால் தலையாட்டுவார்கள், புரியாவிட்டால்தான் கைதட்டுவார்கள்.

முனைவர் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். ராமர் கிரீடத்துக் கல் பச்சையாகவே நின்றது. நுண்பெருக்கியைப் படத்தருகே தள்ளி அரைமணி நேரம் ஒற்றைக் கண்ணால் தவம் இருந்தார். பிறகு நிமிர்ந்து, "உருண்டை உருண்டையாகக் குமிழிகள். இது கல் இல்லை, கண்ணாடி. ஒட்டியிருக்கும் பசையும் புதுசு. ஐந்தாறு வருஷத்துக்கு மேல் இராது" என்றார்.

கல் கண்ணாடியாகிவிட்டது என்றால் கல்லை எடுத்தவன் ஒருவன் இருக்க வேண்டும். கல்லின் பூர்வீகத்தைக் காண இத்தனை பெட்டி வேண்டியிருந்தது. களவாணியின் பூர்வீகத்தைக் காண மலைச்சாமிக்கு ஒரே ஒரு கேள்விதான் வேண்டியிருந்தது.

"சாவி யாருகிட்ட?"

எல்லோரும் கன்னையன் இடுப்பைப் பார்த்தார்கள்.

"சாவி எங்கிட்டத்தான் இருந்துச்சு, இல்லேங்கல" என்றான் கன்னையன். "ஆனா அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி மொதலாளி எஸ்டேட்டு பங்களா பால்காய்ச்சுக்குப் படம் ஜீப்புல மலைக்குப் போச்சுல்ல? பதினோரு நாளு. அப்பச் சாவி என் இடுப்புல இருந்துச்சு, படம் போடிமெட்டுல இருந்துச்சு. திரும்பி வந்தப்ப 'பாலிசு போட்டிருக்கோம், யாரும் கிட்டப் போகாதீக'ன்னு சொன்னாகளே?"

உக்கிரபாண்டி மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்தார்.

"சாமி மலைக்குப் போனது ஆன்மிகம்" என்றார் மலைச்சாமி. "இப்ப நடக்கிறது விஞ்ஞானம். ரெண்டையும் போட்டுக் கொழப்பாதடா அப்பு."

உடனே தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று: விஞ்ஞானத்துக்கு நன்றி. இரண்டு: வந்திருப்பவர்களுக்கு வடை. மூன்று: கன்னையனைப் பாத்திர அறையில் வைத்துப் பூட்டுவது, வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அவன் கல்லைத் தராவிட்டால் போலீசில் ஒப்படைப்பது, பின்கட்டு அறையைக் காலி செய்யச் சொல்வது. இரண்டாவது தீர்மானத்தில் மட்டும், சட்னி உண்டா இல்லையா என்று கொஞ்சம் விவாதம் நடந்தது.

பொன்னுமணிக்குச் செய்தி கிட்டங்கியில் கிடைத்தது. மடியில் இருந்த காயை உதறிவிட்டு ஓடிவந்தபோது, பாத்திர அறைக் கதவு பூட்டியிருந்தது. அதன் முன்னால் நாற்காலி போட்டு மலைச்சாமி அமர்ந்திருந்தார். சன்னல் கம்பி வழியாகக் கன்னையன் முகம் மட்டும் ஒரு அண்டாவுக்கு மேலே தெரிந்தது.

"ஏ புள்ள, நான் எடுக்கல."

"எடுத்திருந்தா எனக்கா தெரியாது? உங்களுக்கு ஊசியில நூலு கோக்கவே கையி நடுங்கும். கிரீடத்துல கல்லை மாத்துவீகளாக்கும்!"

வியாழக்கிழமை, சிறப்புப் பிரிவின் விதிப்படி, 'பொதுமக்களிடையே விஞ்ஞான மனப்பான்மை வளர்க்கும் நிகழ்ச்சி' நடந்தாக வேண்டும். ஊர் மக்கள் வரிசையாக வந்து, வடிகண்ணாடி வழியாகப் போலிக்கல்லைப் பார்த்து, பேரேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டுப் போக வேண்டும். விஞ்ஞானத்துக்குச் சாதி மதம் இல்லையென்பதால் மடத்து வாசலில் எல்லாத் தெருக்காரர்களும் நின்றார்கள். நிகழ்ச்சியைக் குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைத்தவர் உக்கிரபாண்டியின் மனைவி சந்திரவல்லி. விளக்கேற்றிய பிறகு, படத்துக்கு வலப்பக்கம், பல்பு வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து, நாற்காலியில் அமர்ந்தார். பச்சைப் பட்டு. கழுத்தில் நாலு வடம். நடு வடத்தில் ஒரு பதக்கம். பதக்கத்தின் நடுவில் ஒரு பச்சைக்கல். அந்தப் பதக்கம் அவர் கழுத்துக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. ஜெய்ப்பூரில் வாங்கியது என்று ஒரு கல்யாண வீட்டிலும், மாமியார் போட்டது என்று இன்னொரு கல்யாண வீட்டிலும் சொல்லியிருக்கிறார். இரண்டு கல்யாணத்துக்கும் போனவர்கள் ஊரில் நிறையப் பேர். நமக்கெதற்கு வம்பு.

தன் புருஷனைப் பூட்டிவைத்த கண்ணாடி எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க, பொன்னுமணியும் வரிசையில் நின்றாள். முறை வந்ததும் வடிகண்ணாடியைக் கண்ணில் வைத்தாள். ராமர் கிரீடத்தில் கல் பாசி பிடித்த மாதிரி பச்சையாகத் தெரிந்தது. 'இந்தக் கண்றாவிக்கா இத்தனை பாடு?' என்று நினைத்தவளின் கை கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்தது.

அங்கே ஒரு தணல் எரிந்தது.

கண்ணாடியை எடுத்துவிட்டுப் பார்த்தாள். பச்சைக்கல். மறுபடி வைத்தாள். தணல். எடுத்தாள். பச்சை. பட்டுச்சேலைப் பச்சை சிவக்கவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த வேறொரு அம்மாவின் பச்சைப் பாசிமணி சிவக்கவில்லை. சந்திரவல்லி கழுத்தின் நடு வடத்தில் மட்டும், எட்டு மில்லி ஏலக்காய் அளவில், அடுப்பிலிருந்து எடுத்து வைத்த மாதிரி ஒரு கங்கு.

"சார்" என்றாள் பொன்னுமணி மெதுவாக. "அங்ஙன பாருங்க. அந்தப் பதக்கத்தை."

எதையும் இரண்டு தடவை பார்க்கிற முனைவர், இதை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "அம்மா, எங்கள் ஆய்வு வரம்பு, தொன்மைக் கலைப்பொருட்களில் பதித்த கற்கள் மட்டும். மனிதக் கழுத்து தொன்மைக் கலைப்பொருள் அல்ல."

"அந்தக் கல்லு இந்தப் படத்துல இருந்து போயிருந்தா?"

"கல் எங்கிருந்து வந்தது என்று பார்க்கத்தான் பிரிவு இருக்கிறது. எங்கே போனது என்று பார்க்கப் பிரிவு கிடையாது. வேண்டும் என்று போன வருஷம் ஒரு கோப்பு அனுப்பினோம். அது எங்கே போனதென்று தெரியவில்லை. நகருங்கள், அடுத்தவர்!"

பொன்னுமணி நகர்ந்து தூணோரம் நின்றாள். நின்று, பின்னால் வந்தவர்களைக் கவனித்தாள். காய் பொறுக்குகிறவளின் கண் அது. ஒவ்வொருவரும் வந்தார்கள், கண்ணாடியை நேராக வைத்தார்கள், 'ஓகோ' என்றார்கள். பிறகு, ஒவ்வொருவர் கையும் தானாகக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்தது. அங்கே நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு சுட்டுக்கொண்ட கை மாதிரி வெடுக்கென்று திரும்பி வந்தது. பேரேட்டில் கையெழுத்து விழுந்தது. அவளையும் சேர்த்து நூற்றுப் பத்தொன்பது பேர். நூற்றுப் பத்தொன்பது நகர்வு.

அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு சாட்சி. இருப்பதோ ஊர் முழுக்க.

முதலில் கலீபுல்லாவிடம் போனாள். கடிகாரம் பழுது பார்ப்பவர். கண்ணில் செருகிய லென்சோடு கடிகாரத்துக்குள் விழுந்த கொசுவின் காலைக்கூட அடையாளம் காண்பவர். அவருடைய கடை, பதினோரு கடையில் மூன்றாவது.

"பாய், நீங்க பாத்தீகளா?"

"பாத்தேன் ஆத்தா."

"என்ன தெரிஞ்சுச்சு?"

கலீபுல்லா கடைப் பலகையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "மழை வர்ற மாதிரி தெரிஞ்சுச்சு" என்றார்.

அடுத்து கருத்தம்மா. இவளோடு ஒரே சாக்கில் உட்கார்ந்து காய் பொறுக்குகிறவள். அவள் மகன் உக்கிரபாண்டியின் ஜீப்பு ஓட்டுகிறான்.

"நான் கண்ணை மூடிக்கிட்டேண்டி. சாமிக்கு முன்னாடி எப்படிக் கண்ணைத் தொறந்துக்கிட்டு நிக்கிறது?"

"கண்ணை மூடியிருந்தா கையை ஏன் அங்கிட்டு நகட்டுன?"

"கையி வலிச்சுச்சு."

"வலிச்சா எறக்கணும். வலப்பக்கமா போவாக?"

"எனக்குச் சோலி கெடக்கு, விடுடி."

பிறகு மொக்கையன். கிட்டங்கியில் ஏலக்காயை நிறம் பார்த்துத் தரம் பிரிக்கிற ஆள். இளம்பச்சைக்கும் கிளிப்பச்சைக்கும் நடுவில் ஏழு பச்சை உண்டு என்று சண்டை போடுகிறவர். தமக்குப் பிறவியிலேயே நிறம் தெரியாது என்ற உண்மையை அவர் அன்றைக்குத்தான் உலகுக்கு அறிவித்தார்.

சாயங்காலம் பொன்னுமணி சன்னலுக்கு வந்தாள்.

"ஊரே பாத்திருக்கு" என்றாள்.

"அப்ப யாராச்சும் சொல்லுவாக" என்றான் கன்னையன். அண்டாவுக்குப் பக்கத்தில் இரண்டு நாள் இருந்ததில் அவன் குரலுக்கே ஒரு எதிரொலி வந்திருந்தது. "ஒருத்தரு போதும்ல?"

"அந்த ஒருத்தருதான் இல்ல."

அவன் இடுப்பைத் தடவினான். சாவி இருந்த இடம்.

அப்போது முனைவர் கலீபுல்லா கடைக்கு எதிரே பரோட்டா சாப்பிடப் போயிருந்தார். பேரேட்டின் மேல் வடிகண்ணாடி இருந்தது. பொன்னுமணி அதைத் திருடினாள் என்று எழுதுவது முறையல்ல. விஞ்ஞான மொழியில் சொன்னால், மாதிரி சேகரித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏலக்காய்ச் சந்தை. போடியில் பெரிய வியாபாரிகள் விலையை வாயால் பேசுவதில்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் கைகோத்து, அதன்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்கடியில் விரல் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கையையே அமுக்கினால் ஐந்து. முகத்தைப் பார்த்து யாரும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. லட்ச ரூபாய்ச் சரக்கு சத்தமில்லாமல் கைமாறும். ஆம்பளைகள் விவகாரம். இருபது வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கிய பொம்பளைகளுக்கு அது தெரியாது என்று ஆம்பளைகள் நம்பியிருந்தார்கள்.

பொன்னுமணி நேராக நடந்து உக்கிரபாண்டி முன்னால் போய் நின்றாள். தோளில் கன்னையனின் துண்டு. அதை எடுத்துத் தன் வலது கையின்மேல் போட்டு, கையை நீட்டினாள்.

சந்தை அப்படியே நின்றது.

"என்ன இது கூத்து?" என்றார் ஒருவர். "பொம்பளை துண்டு போடுறதாவது!"

"என்ன சரக்கு ஆத்தா கொண்டாந்திருக்க?" என்று இன்னொருவர் சிரித்தார்.

"ஒத்தக் காயிதான்" என்றாள் பொன்னுமணி. "பச்சைக் காயி. எந்த மலையில இருந்துச்சுன்னும் தெரியும், எங்கிட்டுப் போச்சுன்னும் தெரியும். மொதலாளி, விலையை உள்ள வச்சுப் பேசுவமா, வெளிய வச்சுப் பேசுவமா?"

உக்கிரபாண்டியின் கை, அவரைக் கேட்காமலே, துண்டுக்கடியில் போயிற்று.

முதலில் அவள் அவர் கையை மொத்தமாக அமுக்கினாள். ஐந்து. ஐந்து வருஷம். பிறகு அவர் உள்ளங்கையில் வட்டமாக, குளிர்ச்சியாக ஒன்றை வைத்து, விரல்களை மூடிவிட்டாள். அது என்ன என்று விரலாலேயே தடவித் தெரிந்துகொண்ட உக்கிரபாண்டியின் நெற்றியில் திருமண் கரைய ஆரம்பித்தது. அவர் அவளுடைய இரண்டு விரலைப் பிடித்தார். ரூபாய் இரண்டாயிரம். அவள் உதறினாள். நாலு விரலைப் பிடித்தார். உதறினாள். பிறகு அவருடைய ஒரே ஒரு விரலை, ஆள்காட்டி விரலை, பிடித்தாள். ஒரு ஆள், பாத்திர அறையில் இருக்கிற ஆள். அதைப் பின்பக்கமாக வளைத்தாள். இன்னும் கொஞ்சம் வளைத்தாள்.

"அய்யோ!" என்றார் உக்கிரபாண்டி.

"ரொம்ப ஏத்துறா போல" என்று வியாபாரிகள் முணுமுணுத்தார்கள்.

"முடிஞ்சதா மொதலாளி?"

"முடிஞ்சது, முடிஞ்சது. விடு."

பதினொன்றரைக்கு அவசரக் கூட்டம். போலீசுக்கு ஆள் அனுப்ப இருந்தவர்கள் அனுப்பவில்லை. உக்கிரபாண்டி எழுந்தார்; வலது கை சட்டைப்பைக்குள் இருந்தது.

"முனைவர் சார், கண்ணாடின்னா புதுசாத்தான் இருக்கணுமா?"

"அப்படியில்லை. பழைய படங்களில் கல்லுக்குப் பதிலாகக் கண்ணாடி பதிப்பதும் வழக்கம்தான்."

"அப்ப இது அதுதான்."

"ஆனால் பசை புதுசு."

"அது நாங்க செஞ்ச திருப்பணி."

"ஆனால் குமிழிகள்..."

"அதுக்குத்தான் வர்றேன். அந்தக் குமிழிக்குள்ள என்ன சார் இருக்கு?"

"காற்று."

"எந்தக் காலத்துக் காத்து?"

முனைவர் திருப்பதி இருபது வருஷ அனுபவம் உள்ளவர். இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. "கண்ணாடி ஊதிய காலத்துக் காற்று" என்றார் தயங்கி.

"ஊதுனவன் மூச்சுன்னு சொல்லலாமா?"

"சொல்ல... சொல்லலாம்."

"கேட்டுக்கங்க!" உக்கிரபாண்டியின் குரல் தழுதழுத்தது. "இருநூறு வருஷத்து மூச்சு! மத்த ஊர்ல கல்லு வச்சிருக்கான். கல்லு எங்ஙனயும் கெடைக்கும். இந்தக் காத்து வேற எங்க கெடைக்கும்?"

இந்தத் தடவை கைதட்டலில் சுவர்க்காரை உதிர்ந்தது. அறிக்கை அங்கேயே தயாரானது. மூலம்: தஞ்சை வட்டாரம். உள்ளடக்கம்: பழங்காலக் காற்று, மிக அரிது. பசை: பக்தி சார்ந்தது. காணாமற்போன கல்: அப்படி ஒன்று இருந்ததற்குத் தடயமில்லை. இனிமேல் வெள்ளிதோறும் குமிழிக்குத் தனி தீபாராதனை என்று மலைச்சாமி முன்மொழிந்தார். கல் இல்லை என்றால் களவும் இல்லை. களவு இல்லை என்றால் களவாணியும் இல்லை. பாத்திர அறையைத் திறந்து கன்னையனைக் கூட்டிவந்து, முனைவருக்குப் போட்டுக் கழற்றிய மாலையையே அவனுக்கும் போட்டார்கள். சாவி இடுப்புக்குத் திரும்பியது. "மூச்சுக் காத்த முனியாண்டி" என்று ஒருவர் அவன் பேரைக்கூடச் சரியாகச் சொல்லாமல் வாழ்த்தினார். கன்னையன் மாலைக்குள்ளிருந்து பொன்னுமணியைப் பார்த்தான். அவள், துண்டை மடித்துக்கொண்டே, 'பேசாம இருங்க' என்று கண்ணைக் காட்டினாள்.

மதுரை பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. முனைவர் வெரசாகப் பெட்டிகளை அடுக்கினார். மூன்றாவது பெட்டியில் பட்டுத்துணிப் பள்ளம் மட்டும் இருந்தது.

"என் வடிகண்ணாடியைக் காணோம்!" என்றார். முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "அரசாங்கச் சொத்து! சீமையிலிருந்து வரவழைத்தது! யார் எடுத்தார்கள்? யாராவது பார்த்தீர்களா?"

மடம் ஒரு நிமிஷம் யோசித்தது.

"நான் பாத்தேன்" என்றார் மலைச்சாமி. "நேத்துச் சாயங்காலம். கன்னையன்தான் எடுத்தான்."

"நேத்துச் சாயங்காலம் அவரை உள்ள வச்சுப் பூட்டி, வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருந்தது நீங்கதானே!" என்றாள் பொன்னுமணி.

"அதனாலதான் அவ்வளவு பக்கத்துல பாத்தேன்."

"நானும் பாத்தேன்" என்றாள் கருத்தம்மா. "எடது கையால எடுத்தாரு."

"வலது கை" என்றார் கலீபுல்லா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்கு இது தொழிலு. நல்லாத் தெரிஞ்சுச்சு." பிறகு இரண்டு பேரும் பேசி, இரண்டு கையாலும் என்று முடிவுக்கு வந்தார்கள்.

"கத்திரிப்பூக் கலர்த் துணியில சுத்துனான்" என்றார் மொக்கையன்.

உக்கிரபாண்டி சட்டைப்பையிலிருந்து கையை எடுக்காமலே, "நான் பாக்கல. பாக்காததைப் பாத்தேன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். அன்று மடத்தில், தான் பார்க்கவில்லை என்று நேர்மையாக ஒப்புக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

பொன்னுமணி நடுவில் வந்து நின்றாள். "அவரு எடுக்கல. நான் எடுத்தேன். எடுத்து மொதலாளி கையில குடுத்தேன். இந்தா, அந்தப் பைக்குள்ளதான் இருக்கு. பாருங்க!"

யாரும் பார்க்கவில்லை.

"இல்லாததைச் சொல்லாத ஆத்தா" என்றார் மலைச்சாமி, மிகவும் அன்பாக. "நாங்க கண்ணால பாத்திருக்கோம்."

முனைவர் நெகிழ்ந்துபோனார். இவ்வளவு துல்லியமான பார்வை உள்ள ஊரைத் தம் பணிக்காலத்தில் கண்டதில்லை என்று பாராட்டிவிட்டு, பெட்டியின் மேல் தாளை வைத்துப் புகார் எழுத உட்கார்ந்தார். எந்தக் கருவியின் துணையால் கண்டறியப்பட்டது என்ற இடத்தில் 'வெறுங்கண்' என்று எழுதினார். சாட்சிக் கையெழுத்துப் போட, பொன்னுமணி நீங்கலாக, நூற்றுப் பதினெட்டுப் பேரும் வரிசையில் நின்றோம்.